வினிகர் மோகம்: வீட்டுக்கு நன்மை எவ்வளவு, அபாயம் எவ்வளவு?

ஊறுகாய் போடுகிறவர்களும் ஓட்டல்காரர்களுமே அதிகமாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு சரக்கு, இப்போது சமையலறை அலமாரியை விட்டுக் குளியலறைக்குக் குடி போயிருக்கிறது. சீன பாணி ஓட்டல்களில் பச்சை மிளகாய்த் துண்டுகள் மிதக்க மேஜை மேல் உட்கார்ந்திருக்குமே, அந்த வெள்ளை வினிகர்தான் அது.

குழாயில் வெள்ளைக் கறையா? வினிகர். ஜன்னல் கண்ணாடி மங்கிவிட்டதா? வினிகர். மீன் கழுவிய பாத்திரம் நாறுகிறதா? வினிகர். தரை துடைக்க, துணி அலச, காய்கறி கழுவ, கிருமி கொல்ல எல்லாவற்றுக்கும் இந்த ஒரே புட்டி போதும் என்று செல்போன் வீடியோக்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மருந்துக் கடையில் சர்வரோக நிவாரணி விற்ற காலம் மலையேறிவிட்டது. அதன் இடத்தில் சர்வ அழுக்கு நிவாரணி வந்திருக்கிறது.

இந்தப் பிரசாரத்தில் எவ்வளவு உண்மை? எவ்வளவு மிகை? எந்த இடத்தில் அது உயிருக்கே உலை வைக்கும்? இவை வெறும் வீட்டுக் குறிப்பு சம்பந்தப்பட்ட கேள்விகள் அல்ல. நிலத்தடி நீர், அமில விற்பனைச் சட்டம், வீட்டு வேலை செய்யும் பெண்களின் நுரையீரல் எல்லாம் இந்தப் புட்டியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

திடீர் மவுசு ஏன்?

இந்த மவுசுக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம் தண்ணீர். தமிழ்நாட்டு நகரங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். மண்ணுக்கும் பாறைக்கும் இடையே ஊர்ந்து வரும் நீர், சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இதைத்தான் கடின நீர் என்கிறோம். ஜனங்கள் பேச்சில் ‘உப்புத் தண்ணீர்’. இந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூக்கிறது. ஷவரின் துளைகள் அடைபடுகின்றன. ‘கெய்சர்’ கம்பியில் கல் போல ஓடு கட்டுகிறது. சோப்பு நுரைக்காமல் திரிகிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்த குடும்பத் தலைவிக்கு, ‘ஊற்றினால் கரையும்’ என்ற வார்த்தை காதில் தேனாகப் பாய்வதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது காரணம் 2020-ல் வந்த கொரோனா. வாங்கி வந்த வெண்டைக்காயைக்கூடக் குளிப்பாட்டிய காலம் அது. கிருமி பயம் வீட்டுக்குள் நுழைந்தபோது, அதனுடன் பல தினுசுப் புட்டிகளும் நுழைந்தன. பயம் குறைந்த பிறகும் புட்டிகள் போகவில்லை.

மூன்றாவது காரணம் ‘ஆசிட்’ மேல் உள்ள நியாயமான அச்சம். கழிவறை கழுவ உபயோகிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், தோலைச் சுடுவது. அதன் ஆவி மூச்சை அடைப்பது. அமில வீச்சுக் கொடுமை பற்றிய வழக்கு ஒன்றில், 2013 ஜூலை 18 அன்று சுப்ரீம் கோர்ட் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. அமிலம் விற்கும் கடைக்காரர், வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்; வாங்குபவர் சர்க்கார் வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, எதற்காக வாங்குகிறார் என்றும் சொல்ல வேண்டும்; 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது; மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது அந்த உத்தரவின் சாரம்.

உத்தரவு அப்படி. தெருவில் நடப்பது வேறு. ‘ஆசிட், பினாயில்’ என்று கூவிக்கொண்டு வரும் வண்டியில், குளிர்பானம் இருந்த பழைய புட்டியில், ஒட்டுச்சீட்டுகூட இல்லாமல் அமிலம் கைமாறும் காட்சி இன்றும் மறைந்துவிடவில்லை. குளிர்பானம் என்று நினைத்துக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும் விபரீதம் இப்படிப்பட்ட புட்டிகளால்தான் நேர்கிறது. அந்தப் புட்டியை வீட்டுக்குள் விடாமல், அதன் இடத்தில் ஒரு சாதுவான புளிப்பு நீரை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தப்பே அல்ல. வினிகர் கட்சிக்காரர்களின் பலமான வாதம் இதுதான்.

புட்டிக்குள் இருப்பது என்ன?

வினிகர் நமக்குப் புதிது அல்ல. ‘காடி’ என்ற பழைய தமிழ்ச் சொல் புளித்த நீரைத்தான் குறிக்கும். சித்த வைத்தியத்திலும் காடிக்கு இடம் உண்டு. ‘வினிகர்’ என்ற பெயர் பிரெஞ்சு மொழியில் ‘புளித்த திராட்சை மது’ என்று பொருள்படும் சொற்களிலிருந்து பிறந்தது. மது ஏன் புளிக்கிறது, அதைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் எது என்று ஆராய்ந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். வினிகரைப் பற்றி அவர் எழுதிய தனிப் புத்தகமே 1868-ல் வெளிவந்தது.

பெயர் எதுவானாலும் உள்ளே வேலை செய்யும் சரக்கு ஒன்றுதான்: அசிட்டிக் அமிலம். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் அது சாதாரணமாக 4 முதல் 5 சதவிகிதம் இருக்கும். மீதி தண்ணீர். இந்திய உணவுச் சட்ட விதிகளின்படி 3.75 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வினிகரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, நொதிக்க வைத்துத் தயாரிப்பது. மற்றொன்று, தொழிற்சாலையில் செய்த அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து தயாரிப்பது. இரண்டாவதற்கு ‘செயற்கை, அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது’ என்று ஒட்டுச்சீட்டில் தெளிவாக அச்சிட வேண்டும் என்பது விதி. உலகில் இன்று தயாராகும் அசிட்டிக் அமிலத்தில் பெரும் பகுதி மெதனால் என்ற ரசாயனத்திலிருந்து வருவது. ஆகவே, ‘ரசாயனமே இல்லாத இயற்கைப் பொருள்’ என்று மார் தட்டுவது எல்லாப் புட்டிக்கும் பொருந்தாது. புட்டியைத் திருப்பிப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதனால் கெடுதல் உண்டா? இல்லை. கறையைக் கரைப்பதற்கு இரண்டு அமிலமும் ஒன்றுதான். ஆனால் ‘இயற்கை’ என்ற ஒரு வார்த்தைக்காகவும் ஆப்பிள் படத்துக்காகவும் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிக் குளியலறையில் ஊற்றுவது பணத்தைச் சாக்கடையில் விடுவதற்குச் சமானம்.

அழுக்கில் மூன்று ஜாதி

எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து என்பது ஏன் செல்லாது? அழுக்கு ஒரே வகை அல்ல, அதனால்தான்.

முதல் வகை எண்ணெய்ப் பிசுக்கு. இதை வெட்டுவது காரம். சோப்பும் சலவைச் சோடாவும் இந்த வேலையைச் செய்கின்றன. இரண்டாவது வகை உப்புப் படிவம், களிம்பு, துரு. இவற்றைக் கரைப்பது புளிப்பு, அதாவது அமிலம். மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாத கிருமி. இதை ஒழிப்பது கொதிக்கும் சூடு, அல்லது குளோரின் போன்ற கிருமிநாசினி.

பழைய தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பாகுபாட்டுக்கு ரசாயனப் பெயர் தெரியாது. ஆனால் வழக்கம் தெரியும். எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல். சாம்பல் காரம். பித்தளை அண்டாவுக்கும் செப்புக் குடத்துக்கும் புளி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பிள்ளைத் துணிக்கு வெந்நீரும் வெயிலும். அண்டாவுக்குச் சாம்பலைப் போட்டுக் களிம்பு போகவில்லையே என்று எந்தப் பாட்டியும் ஏங்கியது இல்லை.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. காலராவும் வயிற்றுக் கடுப்பும் வீடு வீடாகப் புகுந்த காலமும் அதுதான். கிருமியைப் பற்றிய அறிவு அப்போது போதவில்லை. இன்று அந்த அறிவு இருக்கிறது. ஆனால் எந்த அழுக்குக்கு எது என்ற பாகுபாடு மறந்துகொண்டு வருகிறது. விளம்பரம் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

எங்கே கைகொடுக்கும்?

வினிகர் இரண்டாவது வகை அழுக்குக்கு எதிரி. சுண்ணாம்புப் படிவத்தில் பட்டதும் பொங்குகிறதே, அது கரியமில வாயு வெளியேறும் பொங்கல். கல்லாக இருந்தது நீரில் கரையும் உப்பாக மாறி ஓடிவிடுகிறது.

அடைபட்ட ஷவரைக் கழற்றி ஒரு கிண்ணம் வினிகரில் இரவு முழுவதும் போட்டுவைத்தால் துளைகள் திறந்துகொள்ளும். கழற்ற முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி ஷவர் மூழ்கும்படி கட்டிவைக்கலாம். பளபளப்புப் பூச்சுப் போட்ட குழாயானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கழுவித் துடைத்துவிட வேண்டும். வெந்நீர்க் ‘கெட்டிலில்’ வினிகரும் தண்ணீரும் சரி பாதியாக ஊற்றிச் சூடாக்கி, அரை மணி நேரம் ஆறவிட்டுக் கொட்டினால் ஓடு கழன்று வரும். பிறகு இரண்டு முறை வெறும் நீரைக் கொதிக்க வைத்துக் கொட்ட வேண்டும்.

ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு பங்கு வினிகரோடு நாலு பங்கு தண்ணீர் போதும். மீன் வாடைக்கும் அது நல்ல மருந்து. அந்த வாடையைக் கிளப்புவது காரத் தன்மை உள்ள ஒரு பொருள். புளிப்புப் பட்டதும் அது அடங்கிவிடும். நம் வீடுகளில் மீன் கழுவப் புளியும் எலுமிச்சையும் எடுத்ததற்கும் இதே காரணம்தான். துருப் பிடித்த கத்தியை வினிகரில் ஊற வைத்துத் தேய்க்கலாம். ஆனால் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் போன துரு வட்டியோடு திரும்பி வரும்.

சிக்கனம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்தால் இதே வேலையைச் செய்யும். வாடையும் கிடையாது.

எங்கே காலை வாரும்?

கல்லைக் கரைப்பது வினிகரின் குணம் என்றால், நல்ல கல் எது, கெட்ட கல் எது என்று அதற்குத் தெரியுமா? தெரியாது.

தமிழ்நாட்டில் எத்தனையோ சமையலறைகளில் மேடை கடப்பைக் கல். கடப்பைக் கல் ஒரு சுண்ணாம்புக் கல். வினிகர் பட்டால் அதன் மெருகு போய் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். பளிங்குக்கும் அதே கதிதான். மொசைக் தரையில் இருப்பது சிமென்டும் பளிங்குச் சில்லும்; ஆகவே அதற்கும் ஆகாது. சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய சிமென்டுத் தரைக்கும் ஓடுகளின் நடுவே உள்ள சிமென்டுப் பூச்சுக்கும் அடிக்கடி வினிகர் ஊற்றினால் அரிப்புத்தான் மிஞ்சும். அலுமினியப் பாத்திரத்தில் நெடுநேரம் ஊற்றி வைக்கக் கூடாது. வருஷக்கணக்கில் எண்ணெய் தடவிப் பழக்கிய இரும்புத் தோசைக் கல்லை வினிகரால் தேய்த்தால், மறுநாள் தோசை கல்லை விட்டு வராது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரியான ஆயுதமே அல்ல. சோப்போடு சேர்த்தால் சோப்பும் கெடும். ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரை பொங்க வைப்பது வீடியோக்களில் பிரபலமான வித்தை. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கலந்த நீர். நுரை தள்ளும் வேகத்தில் லேசான அடைப்பு விலகலாம், அவ்வளவுதான். தனித்தனியே இருந்திருந்தால் இரண்டும் நன்றாக வேலை செய்திருக்கும்.

கிருமி அஞ்சுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. வினிகர் கிருமியைக் கொல்லும் என்று பலரும் நம்புகிறார்கள். சில கிருமிகளை ஓரளவு கொல்லும் என்பது வாஸ்தவம்தான். ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கும் புளிப்பு ஒரு காரணம். ஆனால் ஊறுகாய் புளிப்பிலேயே மாதக்கணக்கில் ஊறுகிறது. சமையல் மேடையில் தெளித்துத் துடைப்பது சில விநாடி.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000-ம் ஆண்டில் இதைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் உபயோகிக்கும் குளோரின் திரவமும் வேறு சில கிருமிநாசினிகளும், லட்சத்தில் ஒரு கிருமிகூட மிஞ்சாத அளவுக்கு வேலை செய்தன. ‘ஸ்டாபிலோகாக்கஸ்’ என்ற சீழ்க் கிருமியையும், ‘ஈ கோலி’ என்ற குடல் கிருமியையும் எதிர்த்த வினிகரோ ஆயிரத்துக்கு 999 என்ற அளவைக்கூட எட்டவில்லை. சமையல் சோடா அதற்கும் கீழே.

ஆயிரத்துக்கு 999 என்பதே போதாதா என்று தோன்றலாம். கோழி நறுக்கிய பலகையில் ஒரு கோடிக் கிருமி இருந்தால், அந்தக் கணக்கிலேயே 10,000 மிஞ்சும். தகுந்த சூடும் ஈரமும் கிடைத்தால் ஈ கோலி 20 நிமிஷத்தில் இரண்டு மடங்காகும். வினிகரோ அந்த 999-ஐக்கூட எட்டவில்லை.

ஆகவே, வயிற்றுப்போக்கு நோயாளி உபயோகித்த கழிவறை, பச்சை மாமிசம் வைத்த இடம், சாக்கடை நீர் புகுந்த தரை ஆகியவற்றுக்கு வினிகரை நம்புவது கோட்டைக் கதவுக்குக் கிழிந்த திரையைக் காவல் வைப்பது போல. அங்கே முதலில் சோப்பு நீர், பிறகு உரிய அளவில் கரைத்த பிளீச்சிங் பவுடர் அல்லது வேறு கிருமிநாசினி. சுத்தமாக இருக்கிறது என்று வினிகர் கொடுக்கும் பொய்த் தைரியம், அழுக்கைவிட ஆபத்தானது.

சேரக் கூடாத ஜோடி

‘சரி, பிளீச்சிங் பவுடரும் நல்லது, வினிகரும் நல்லது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பலன்தானே?’ விபத்து தொடங்குவது இந்த எண்ணத்தில்தான்.

பிளீச்சிங் பவுடரிலும் சலவைக்கு விற்கும் பிளீச் திரவத்திலும் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. அமிலம் பட்டால் அந்தக் கட்டு அறுந்து குளோரின் வாயுவாகக் கிளம்பும். வினிகர் வலுவற்ற அமிலம் என்றாலும் இந்தக் கட்டை அறுக்க அது போதும். கழிவறை அமிலம் பட்டால் இன்னும் வேகமாகக் கிளம்பும். முதல் உலக மகா யுத்தத்தில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்கு அருகே ஜெர்மன் ராணுவம் காற்றில் விட்ட விஷ வாயு இந்தக் குளோரின்தான். அது காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். ஜன்னல் இல்லாத குளியலறையில் குனிந்து தரை தேய்ப்பவரின் முகத்துக்கு நேரே அது நிற்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2020 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாங்கி வந்த உணவுப் பொருள்களை எல்லாம் கழுவ வேண்டும் என்று செய்தியில் கேட்ட ஒரு பெண்மணி, கழுவு தொட்டியில் பிளீச், வினிகர், வெந்நீர் மூன்றையும் கலந்து காய்கனிகளை ஊறப் போட்டார். சமையலறையில் குளோரின் வாடை எழுந்தது. மூச்சுத் திணறியது, இருமலும் இரைப்பும் வந்தன. ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுத்த பிறகு அவர் பிழைத்தார்.

அந்த அறிக்கையின் கணக்கு இது: 2020-ன் முதல் 3 மாதங்களில், சுத்தப்படுத்தும் பொருள்களாலும் கிருமிநாசினிகளாலும் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க விஷ முறிவு ஆலோசனை நிலையங்களுக்கு வந்த அழைப்புகள் 45,550. முந்திய ஆண்டின் அதே 3 மாதங்களில் அது 37,822. படிப்பும் வசதியும் உள்ள தேசத்திலேயே பயம் அறிவை முந்திக்கொண்டு ஓடியது.

தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கைக்குத் தனி அவசியம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் வெள்ளத்திலும் சென்னைவாசிகள் அனுபவித்தது போல, வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம், வீடெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவப்படுகிறது. அது அவசியமான காரியம். ஆனால் பவுடர் தூவிய தரையில், கறை போகவில்லை என்று வினிகரையோ அமிலத்தையோ ஊற்றினால் வினைதான். ஒன்றை உபயோகித்தால், தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகே மற்றொன்றைப் பற்றி நினைக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது இன்னும் உத்தமம். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரோடு கலக்கக் கூடாது. கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் வேறோர் அமிலம் அதில் உண்டாகும்.

தவறி நேர்ந்துவிட்டால், அதன் மேல் இன்னொன்றை ஊற்றி முறிக்கப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு உடனே வெளிக் காற்றுக்கு வர வேண்டும். மூச்சுத் திணறல், மார்பு இறுக்கம் இருந்தால் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யாருடைய கை?

வீடியோ பார்ப்பவர் ஒருவர். புட்டி வாங்குபவர் இன்னொருவர். குனிந்து தேய்ப்பவர் பெரும்பாலும் மூன்றாமவர். நகரத்து வீடுகளில் அந்த மூன்றாமவர் வீட்டு வேலை செய்யும் பெண்.

‘இந்தாம்மா, இதையும் ஊற்று, அதையும் ஊற்று, பளிச்சென்று இருக்கணும்’ என்று இரண்டு புட்டிகள் அவர் கையில் கொடுக்கப்படுகின்றன. பல புட்டிகளில் எச்சரிக்கை ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருக்கிறது. படித்தவர்களே கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. கையுறை கிடையாது. கதவு சாத்தின குளியலறை. மூச்சு முட்டினால், ‘வாடை கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்’ என்று சமாதானம். ஒரு வேளை ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய வேலை போகும்.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-ல் தனி நல வாரியம் அமைந்தது. நலம் என்பது உதவித் தொகையோடு முடிவது அல்ல. எதை எதோடு கலக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதும் நலம்தான். கம்பெனிகள் விளம்பரத்துக்கு அழகான தமிழ் எழுதத் தெரிந்து வைத்திருக்கின்றன. எச்சரிக்கைக்கு மட்டும் தமிழ் வராதா? ‘இதை பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள்’ என்ற ஒரு வரி, பெரிய எழுத்தில், ஒரு படத்தோடு, புட்டியின் முகப்பிலேயே இருக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்குவது சர்க்காருக்குப் பெரிய காரியம் அல்ல. அதுவரை, ஜோடிக் கையுறையும், திறந்த ஜன்னலும், ஒரு நிமிஷம் விளக்கிச் சொல்லும் பொறுமையும் வீட்டுக்காரர்களின் கடமை.

வினிகரையும் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிவைக்கக் கூடாது. பார்வைக்கு அதுவும் தண்ணீர்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று அடர்த்தியான அசிட்டிக் அமிலத்தை வாங்கி வீட்டில் தண்ணீர் கலந்துகொள்ளும் துணிச்சலும் வேண்டாம். 5 சதவிகிதத்தில் சாதுவாக இருக்கும் இதே சரக்கு, அடர்த்தியில் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும்.

55 லிட்டர் கணக்கு

கடைசியாக ஒரு கணக்கு. 4 சதவிகித வினிகர் ஒரு லிட்டரில் அசிட்டிக் அமிலம் சுமார் 40 கிராம். ரசாயனக் கணக்குப்படி அது கரைக்கக்கூடிய சுண்ணாம்புப் படிவம் சுமார் 33 கிராம். அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ம் ஆண்டு விதிப்படி, குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 600 உள்ள நீரில் 55 லிட்டர் எடுத்தால் அதிலேயே 33 கிராம் இருக்கிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டக்காரர்களின் கணக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். அதாவது, தினமும் ஒரு குடும்பத்தின் குழாய் வழியே வரும் கடினத்தன்மை முழுவதும் படிந்தால், அதைக் கரைக்க 10 லிட்டர் வினிகர் வேண்டும்! நல்ல வேளையாக முக்கால்வாசிக்கு மேல் நீரோடு போய்விடுகிறது. ஆனாலும், யாருக்கும் யாருக்கும் போட்டி என்பது இதிலிருந்து தெரியும். குழாய் ஓயப்போவது இல்லை, புட்டிதான் தீர்ந்துபோகும்.

ஆகவே, கறையின் வேர் குழாயில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. இறைக்க இறைக்க நீர்மட்டம் கீழே போகிறது. கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே புகுகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்பே, 2003-ல், தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. மழைநீர் மென்மையான நீர். அது கிணற்றில் இறங்கினால் உப்பும் நீர்க்கும், மட்டமும் ஏறும். அன்று கட்டிய தொட்டிகளில் குப்பையும் மண்ணும் சேர்ந்து எத்தனை தூர்ந்து கிடக்கின்றன என்று அவரவர் வீட்டு மூலையில் எட்டிப் பார்த்தாலே தெரியும். ஒரு வருஷத்துக்கு வினிகர் வாங்கும் காசில் ஒரு தடவை அந்தத் தொட்டியைத் தூர் வாரலாம்.

வினிகர் கெட்ட சரக்கு அல்ல. அது ஒரு நல்ல வேலைக்காரன். கறை கரைக்கத் தெரியும், வாடை போக்கத் தெரியும். அதை வைத்தியனாக்கிக் கிருமி ஒழிக்கச் சொல்வதும், பிளீச்சிங் பவுடரோடு ஒரே அறையில் பூட்டுவதும் நம் பிழை. எந்த அழுக்குக்கு எது என்று தெரிந்துகொண்டவர் வீட்டில் ஒரு புட்டியே போதும். அது தெரியாத வீட்டில் பத்துப் புட்டி இருந்தாலும் கறையும் போகாது, பயமும் போகாது.